புருனோவுக்கு ஒரு வசந்தா காபி

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்காரர் இரண்டு வெள்ளைக்காரர்களைக் கையோடு வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்.

முன்னறிவிப்பு எதுவும் கிடையாது. நான் தலையில் எண்ணெயோடு வாசலில் காபிக் கொட்டை காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கேட் திறக்கிற சத்தம். நிமிர்ந்தால், முதுகில் மூட்டை, காலில் பூட்ஸ், வெயிலில் சிவந்த முகத்தோடு ஓர் ஆணும் ஒரு பெண்ணும். அவர்களுக்கு முன்னால், மாப்பிள்ளை அழைப்பில் முன்னே நடக்கிறவர் மாதிரி எங்கள் வீட்டுக்காரர் சுப்பிரமணி.

"வசந்தா, இவங்க இட்டலிக்காரங்க" என்றார்.

ஓடிப்போய் நாற்காலி எடுத்துப் போட்டேன். உட்கார்ந்தார்கள். சுற்றும் முற்றும் பார்த்தார்கள். அப்புறம் அந்தப் பெண் மிகவும் நாகரிகமாக, கையால் சாப்பிடுகிற மாதிரி ஜாடை காட்டி, "இட்லி?" என்றாள்.

விஷயம் இதுதான். ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் வெள்ளைக்காரர் யாரைப் பார்த்தாலும் கிட்டே போய் "இட்டலி?" என்று கேட்பது இவர் வழக்கம். இத்தாலியா என்று கேட்கிறாராம்! வந்தவர்களோ மதுரை, தஞ்சாவூர் எல்லாம் சுற்றிவிட்டு வந்தவர்கள். யாரோ ஒரு நல்ல மனிதர் டிபன் சாப்பிடக் கூப்பிடுகிறார் என்று நினைத்து "யெஸ், யெஸ்" என்று சொல்லியிருக்கிறார்கள். இத்தனை வருஷத்தில் இவர் கேட்ட முதல் யெஸ்!

அவர்கள் ஹாலந்துக்காரர்கள். என் பள்ளிக்கூட இங்கிலீஷில் விசாரித்து இவரிடம் சொன்னேன். முகம் விழுந்துவிட்டது. ஆனால் வீட்டுக்கு வந்தவர்கள் ஆயிற்றே... "அதனால என்ன, காபி போடறேன்" என்று அடுப்படிக்குப் போய்விட்டார். நல்லவேளை, மாவு இருந்தது. நான் இட்லி ஊற்றினேன்.

காபியைக் குடித்துவிட்டு இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "இதில் என்ன போட்டீர்கள்?" என்று கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்தப் பாத்திரம். உடுக்கை மாதிரி இடுப்பு சிறுத்த, பட்டை பட்டையான அலுமினியப் பாத்திரம். கீழ்த்தட்டில் தண்ணீர், நடுவில் சல்லடையில் காபித்தூள், மேல்தட்டு காலி. அடுப்பில் வைத்தால் ஆவி தள்ளி, டிகாக்ஷன் கீழேயிருந்து மேலே ஏறும். நம் ஃபில்டரில் மேலேயிருந்து கீழே சொட்டுமே, அதற்கு நேர் எதிர். இதற்குப் பெயர்தான் எக்ஸ்பிரஸோ. சேலத்துக் கல்யாண மண்டபங்களில் ஒரு மிஷின் 'உஸ்ஸ்...' என்று சீறிக்கொண்டு நுரை கக்குமே, அதையும் எக்ஸ்பிரஸோ என்றுதான் சொல்கிறோம். அது வேறு ஜாதி. இது கறுப்பு. தார் மாதிரி திக்காக இருக்கும்.

காபித்தூளில் சிக்கரி கூடாது. நாலைந்து மிளகையும் ஒரு சின்னத் துண்டு சுக்கையும் ஒன்றிரண்டாகத் தட்டி, தூளோடு கலந்து சல்லடையில் போடுங்கள். அழுத்தக் கூடாது. தேன் டம்ளரில் இருக்கட்டும். அடுப்புக்குப் போகக் கூடாது. டிகாக்ஷன் ஏறி, கரகரவென்று சத்தம் வந்ததும் இறக்கி, கொஞ்சம் பொறுத்து, தேன் மேல் ஊற்றுங்கள். பால் வேண்டாம். முதல் வாயில் கசப்பு. அப்புறம் மிளகு தொண்டையைப் பிடிக்கும். கடைசியில் அடியில் கிடக்கிற தேன் வரும். அந்தப் பாத்திரம் இல்லாதவர்கள் ஃபில்டரிலேயே முதல் டிகாக்ஷனைக் கெட்டியாக இறக்கிக்கொள்ளலாம். ஏறக்குறைய வரும்.

இந்தக் காபிக்கு ஒரு பெயர் உண்டு. வசந்தா காபி. பெயர் வைத்தது நானில்லை. நான் பார்த்தே இராத ஒருவர்.

எண்பதுகளின் ஆரம்பத்தில், கல்யாணமான மறு வருஷமே, இவர் குவைத்துக்கு ஃபிட்டர் வேலைக்குப் போனார். நாகலூர் ரோட்டில் இந்த வீடும், ஒட்டினாற்போல் கொஞ்சம் காபித் தோட்டமும் இருந்தன. ஆனால் கூரைக்கு ஓடு மாற்றக் கூட வழி இல்லை. நான் ஏற்காட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். கைக்குழந்தையோடு பஸ் ஸ்டாண்டு வரை போய் வழியனுப்பினேன். ஜன்னலோரத்தில் உட்கார்ந்தவர், பஸ் திரும்பும் வரை எங்களைப் பார்க்கவேயில்லை. பார்த்திருந்தால் இறங்கியிருப்பாராம். பிறகு சொன்னார்.

அங்கே இவருக்கு மேலே இருந்த ஃபோர்மேன்தான் புருனோ. இத்தாலிக்காரர். பெரிய தொந்தி, ஒரு காது மந்தம். இரண்டு பேருக்குமே இங்கிலீஷ் அரைகுறை. எப்படித்தான் பேசிக்கொண்டார்களோ! வேலை ஆரம்பிக்கும் முன் ஒரு தகரக் கொட்டகையில் உட்கார்ந்து புருனோ இந்தப் பாத்திரத்தில் காபி போடுவார். இவருக்கும் ஒரு சின்னக் கப். எதுவும் பேசாமல் இரண்டு பேரும் குடிப்பார்கள். அப்படி ஆரம்பித்த சிநேகிதம்.

முதல் லீவில் இவர் வந்தபோது பெட்டியில் இந்தப் பாத்திரம் இருந்தது. புருனோ கொடுத்த பரிசு. எல்லார் வீட்டுக்காரர்களும் டேப் ரெக்கார்டர் கொண்டு வந்தார்கள். என் வீட்டுக்காரர் அலுமினியப் பாத்திரம் கொண்டு வந்தார். என்னத்தைச் சொல்ல?

அது ஆடி மாதம். பனிமூட்டம் அடுப்படி வரைக்கும் வந்து நிற்கும். பாலைவனத்திலிருந்து வந்தவருக்கு மறுநாளே ஜலதோஷம். மலைப்பாதையில் மரம் விழுந்து சேலத்திலிருந்து லாரி வரவில்லை. கடைவீதியில் சர்க்கரை கிடையாது. இவர் ஆசையாகப் போட்டுக் கொடுத்த காபியை ஒரு வாய் வைத்துவிட்டு, வேப்பெண்ணெயே தேவலாம் என்றேன். மஞ்சக்குட்டையிலிருந்து வந்த மலைத்தேன் பாட்டில் இருந்தது. ஊற்றினேன். இவருடைய ஜலதோஷத்துக்காக மிளகும் சுக்கும் தட்டிப் போட்டேன்.

இவர் ஜன்னல் பக்கம் நின்று மெதுவாகக் குடித்தார். முடித்துவிட்டு டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதை அவன் குடிக்கோணும்" என்றார்.

போகும்போது லுங்கியில் சுற்றி ஒரு தேன் பாட்டிலும், ஒரு பொட்டலம் மிளகும் எடுத்துப் போனார். அடுத்த லீவில் வந்துதான் கதையைச் சொன்னார். புருனோ முதலில் மோந்து பார்த்தாராம். நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு குடித்தாராம். அப்புறம் கப்பின் அடியில் ஒட்டிய தேனை விரலால் வழித்து நக்கினாராம். இதன் பெயர் என்ன என்று கேட்டிருக்கிறார். இவருக்கு இங்கிலீஷ் தட்டுத்தடுமாறியது. "மை வைஃப்... வசந்தா" என்றிருக்கிறார்.

அவ்வளவுதான். அன்றிலிருந்து அந்தக் காபி வசந்தா. தினமும் காலையில் கொட்டகை வாசலில் நின்றுகொண்டு, "மணி! வசந்தா!" என்று அந்த மனிதர் கத்துவாராம். பத்துப் பேருக்கு நடுவில் ஓர் ஆம்பிளை என் பெயரைச் சொல்லிக் கத்துகிறான். என் புருஷன் எழுந்து போய் அடுப்பைப் பற்றவைக்கிறார். எங்கேயாவது நடக்குமா இது?

ஆனால் உள்ளுக்குள் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. நான் பார்க்காத ஊரில், என் புருஷன் இருக்கிற ஊரில், தினமும் என் பெயர் காதில் விழுகிறது. பிரிந்திருக்கிறவர்களுக்கு இதெல்லாம் பெரிய ஆஸ்தி. அதிகாலையில் எழுந்து நானும் அதே காபியைப் போட்டுக் குடிப்பேன். அங்கே இன்னும் விடிந்திருக்காது. இருந்தாலும் ஒன்றாகக் குடிக்கிற மாதிரி ஒரு நினைப்பு.

இப்படியே வருஷங்கள் ஓடின. ஓடு மாற்றினோம். மகள் பள்ளிக்கூடம் போனாள். ஒவ்வொரு லீவு முடிந்து போகும்போதும் தேன் பாட்டில் மட்டும் பெரிதாகிக்கொண்டே போயிற்று.

அப்புறம் ஓர் ஆகஸ்ட் மாதம், குவைத்துக்குள் ஈராக் படை புகுந்துவிட்டது என்று ரேடியோவில் செய்தி.

போன் இல்லை. தபால் இல்லை. பள்ளிக்கூடம் விட்டதும் கடைவீதியில் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்குப் போவேன். இவரை அனுப்பிய சேலத்து ஏஜென்ட்டுக்குப் போன் போடுவேன். தகவல் வந்தால் சொல்லி அனுப்பச் சொல்லி, பூத்காரர் கந்தசாமி அண்ணனின் நம்பரைத்தான் கொடுத்திருந்தேன். முதலில் சில நாள், நான் படியேறும்போதே கந்தசாமி அண்ணன் பேப்பரிலிருந்து நிமிர்ந்து, ஒன்றும் இல்லை என்று தலையாட்டுவார். அப்புறம் அதுவும் இல்லை. பேசாமல் ஸ்டூலை இழுத்துப் போட்டுவிடுவார். ஒரு ஸ்டூலில் அவ்வளவு துக்கம் இருக்க முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

செப்டம்பரில் ஒரு மத்தியானம், மழையில் நனைந்துகொண்டு சண்முகம் வந்தார். சேலத்துக்காரர். இவரோடு ஒரே ஷெட்டில் தங்கியிருந்த வெல்டர். பாலைவனம் வழியாக ஜோர்டானுக்குப் பஸ்ஸில் போய், கூடாரத்தில் கிடந்து, விமானம் ஏறி வந்திருந்தார். ஆளே கருவாடாகியிருந்தார். நான் அவருக்குப் பின்னால் கேட்டைப் பார்த்தேன். வேறு யாரும் இல்லை.

"அண்ணன் நல்லா இருக்காருங்க அண்ணி" என்றார் முதலில். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டார். "எங்ககூட பஸ்ஸுல அவருக்கும் சீட்டு இருந்துச்சுங்க. ஏற மாட்டேனுட்டாரு. நீங்க போங்க, நான் பின்னால வர்றேன்னாரு. ஏன்னு கேட்டதுக்கு ஒண்ணுமே சொல்லலீங்க."

பஸ்ஸில் இடம் இருந்தும் ஏறவில்லை!

அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு... ஏன் ஏறவில்லை? உயிர் பிழைத்து ஓடி வருகிற நேரத்தில் ஒரு மனிதனை அங்கே பிடித்து நிறுத்துவது எது? நான் யோசிப்பதற்குள் ஊர் யோசித்துவிட்டது. "அங்க ஒரு குடும்பம் இருக்குமோ என்னமோ" என்று பைப்படியில் ஒருத்தி சொன்னது என் காதிலும் விழுந்தது. வேண்டுமென்றே கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

நம்பவில்லை என்று எழுத ஆசைதான். பாதி நம்பினேன். அந்தக் காபிப் பாத்திரத்தைத் தூக்கிப் பரணில் போட்டேன். ஆனாலும் ராத்திரி மகளோடு படுத்தால், வந்துவிட்டால் போதும், யாரோடு இருந்துவிட்டு வந்தாலும் சரி, கண்ணால் பார்த்தால் போதும் என்றுதான் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. ரோஷத்துக்கும் ஏக்கத்துக்கும் சண்டை வந்தால் எது ஜெயிக்கும் என்று பெண்களைக் கேட்டுப் பாருங்கள்.

அக்டோபரில் ஒரு சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். தாடி. கையில் ஒரு பிளாஸ்டிக் பை. மகளுக்குச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். வெந்நீர் போட்டேன், சோறு போட்டேன். தூங்கினார், தூங்கினார், அப்படித் தூங்கினார்.

மறுநாள் காலை அடுப்படியில் வந்து நின்றார். கேட்டேன்.

"ஏனுங்க, பஸ்ஸுல எடம் இருந்தும் ஏன் ஏறலீங்க?"

அப்போதுதான் சொன்னார். வெள்ளைக்காரர்களை மட்டும் வெளியே விடாமல் பிடித்துக்கொண்டு போனார்களாம். புருனோ அகப்படவில்லை. பாதி கட்டி நின்றுபோன ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் ஒளிந்துகொண்டார். அது இவர் ஒருவருக்குத்தான் தெரியும். ஒளித்து வைத்தவன் அகப்பட்டால் உயிருக்கே உலை என்பதால் சண்முகத்திடம் கூடச் சொல்லவில்லை. நம் ஆட்களைச் சிப்பாய்கள் அவ்வளவாகத் தடுக்கவில்லை. வாட்ச்மேன் என்று சொல்லிக்கொண்டு, இரண்டு நாளைக்கு ஒரு தரம் ரொட்டியும் தண்ணீரும் கொண்டு போயிருக்கிறார். ஒரு ஸ்டவ்வும், புருனோவின் இன்னொரு காபிப் பாத்திரமும் அங்கே இருந்தன. நான் கொடுத்தனுப்பிய தேன் கொஞ்சம் மிச்சமிருந்தது. அந்த இருட்டில், வாயைப் பொத்திக்கொண்டு சொல்கிற மாதிரி மெதுவாக, புருனோ "வசந்தா" என்பாராம். இவர் போட்டுக் கொடுப்பாராம்.

ஒருநாள் போனபோது புருனோ இல்லை.

"போர்வை மடிச்சு வெச்சிருந்துச்சு. காபிப் பாத்தரம் கழுவிக் கவுத்தி வெச்சிருந்துச்சு. இழுத்துட்டுப் போயிருந்தா, கழுவி வெச்சிருப்பானா? அவனாத்தான் போயிருக்கான். அப்படித்தானே, வசந்தா?"

நான் அடுப்பை அணைத்தேன். புருனோ திரும்பி வந்துவிட்டால் என்ன செய்வது என்று இவர் இன்னும் கொஞ்ச நாள் ரொட்டியோடு போய்ப் பார்த்திருக்கிறார். அதற்கப்புறம்தான் கிளம்பியிருக்கிறார்.

எனக்குப் பரிதாபம் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். நெருப்பு மாதிரி கோபம்.

"எங்க நெனப்பே வரலீங்களா உங்களுக்கு? ஒரு பொம்பளப் புள்ளயும் நானும் இங்க கெடந்து..." என்று ஆரம்பித்தவள் முடிக்க முடியாமல் அழுதேன்.

"வந்துச்சு அம்முணி. நெனப்பு வந்ததாலதான் இருந்தேன்" என்றார். "அவன் ஊட்டுலயும் ஒருத்தி இப்படித்தானே ரேடியோ கேட்டுட்டு உக்காந்திருப்பா? நான் மாட்டியிருந்தா, எவனாச்சும் ஒருத்தன் ரொட்டி கொண்டாந்து குடுக்கோணும்னு நீ நெனைக்க மாட்டயா?"

நியாயம்தான். ஆனால் நியாயத்தைக் கேட்டவுடனே கோபம் போய்விடுமா? எனக்குப் போகவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஊரில் எல்லாரும் இவரை விசாரிக்க வந்தார்கள், தைரியசாலி என்றார்கள். எனக்கு மட்டும், எங்களைப் பணயம் வைத்தல்லவா இந்த தைரியம் என்றிருந்தது.

என் கோபத்தை இறக்கியது இவர் சொன்ன எதுவும் இல்லை. ரேடியோதான்.

நவம்பரில் காபிப் பழம் பறிப்பு ஆரம்பித்திருந்தது. தோட்டத்தில் வேலை தலைக்கு மேல் கிடந்தது. ஆனால் செய்தி நேரம் வந்தால் இவர் எங்கே இருந்தாலும் ஓடி வந்துவிடுவார். பிடித்து வைத்த வெள்ளைக்காரர்களில் கொஞ்சம் பேரை விட்டார்கள், இன்னும் விடவில்லை என்று தினம் ஒரு செய்தி. ரேடியோவில் பெயரா சொல்லப் போகிறார்கள்? இருந்தாலும் காதை ஒட்டவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். செய்தி முடிந்து விளம்பரம் வந்த பிறகும் எழுந்திருக்க மாட்டார்.

ஒருநாள் அடுப்படி வாசலில் நின்று அந்த முகத்தைப் பார்த்தேன். அது எனக்குப் பழக்கமான முகம். எஸ்.டி.டி. பூத்தின் கண்ணாடிக் கதவில் தினமும் நான் பார்த்த முகம்.

பரண் மேல் ஏறினேன். பாத்திரத்தை எடுத்து, புளி போட்டுத் தேய்த்தேன். மிளகு தட்டினேன். டம்ளரைக் கொண்டுபோய் ரேடியோ பக்கத்தில் வைத்தேன். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நானும் என் டம்ளரோடு பக்கத்தில் உட்கார்ந்து செய்தி கேட்டேன். அன்றிலிருந்து இரண்டு பேருமாகக் காத்திருந்தோம்.

டிசம்பரில், வெளிநாட்டார் எல்லாரையும் விட்டுவிட்டார்கள் என்று செய்தி வந்தது. எல்லாரையும்! இவர் ரேடியோவை அணைத்துவிட்டு, தோட்டத்துப் பக்கம் எழுந்து போனார். வெகுநேரம் வரவில்லை. போய்ப் பார்த்தேன். சில்வர் ஓக் மரத்தில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார். "ஊடு போய்ச் சேந்திருப்பான்ல?" என்றார். சேர்ந்திருப்பார் என்றேன். வேறு என்ன சொல்ல?

அகப்பட்டிருந்தால்தான் விட்டிருப்பார்கள். அகப்படாமல் வேறு எங்கேயோ போயிருந்தால்? இதை இவரும் யோசித்திருப்பார். இரண்டு பேரும் இன்றுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை.

எழுதி விசாரிக்க அட்ரஸ் கிடையாது. கம்பெனியே கலைந்துவிட்டது. புருனோ என்பதற்குப் பின்னால் என்ன பெயர் என்று கூட இவருக்குத் தெரியாது. பத்து வருஷத்துக்குக் கிட்டே தினமும் ஒன்றாகக் காபி குடித்தவர்கள்! கடலோர ஊர், பின்னால் புகைகிற மலை, மனைவி பெயர் ரோசா என்று முடியும் – இவ்வளவுதான் இவருக்குத் தெரிந்த விலாசம். பக்கத்தில் இருக்கும்போது யாரிடமாவது நாம் முழுப்பெயர் கேட்கிறோமா?

அதற்கப்புறம் இவர் வெளிநாடு போகவில்லை. மிளகுக் கொடியும் காபிச் செடியுமாக, கூப்பிட்ட குரலுக்கு இங்கேயே இருக்கிறார். வருஷக்கணக்காக நான் ஏங்கியது இதற்குத்தான். ஆனால் சில சமயம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கை நின்றுவிடும். அப்போது அவர் ஏற்காட்டில் இல்லை என்று எனக்குத் தெரியும். ஒருவரைப் பிரிந்திருந்து ஏங்குவது ஒரு விதம். அவர் எதிரே உட்கார்ந்து வேறொருவருக்காக ஏங்குவதைப் பார்ப்பது இன்னொரு விதம். பொறாமையா என்று கேட்டால், ஆரம்பத்தில் இருந்தது. இப்போது எனக்கே அந்த மனிதரைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. என் பெயரை அவர் எப்படிக் கூப்பிடுவார் என்று ஒரு தடவை காதால் கேட்க வேண்டும்.

அதனால் ஒரு வேண்டுகோள். உங்களில் யாருக்காவது இத்தாலியில் அண்ணனோ, மாப்பிள்ளையோ, கூடப் படித்தவரோ இருந்தால் கொஞ்சம் சொல்லி வையுங்கள். தொந்தி வைத்த, ஒரு காது மந்தமான, குவைத்தில் ஃபோர்மேனாக இருந்த புருனோ. கண்டுபிடித்தால் வேறெதுவும் கேட்க வேண்டாம். நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தாரா என்று மட்டும் கேளுங்கள்.

இப்படிப் பத்திரிகையில் எழுதிக் கேட்டது இவருக்குத் தெரிந்தால் கூச்சத்தில் நாலு நாள் வெளியே தலைகாட்ட மாட்டார். ஆனால் எனக்குப் பயமில்லை – கட்டிய பெண்டாட்டி எழுதுவதை எந்தப் புருஷன் படிக்கிறான்?